காயாத மஞ்சள்

கசில்டா துக்கம் காத்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடங்களில், மஞ்சள் கவுனோடு ஊரைச் சுற்றி வந்தவளும் கசில்டாதான். காஸ்தீல் சமவெளியின் தோர்ரெமுதா ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சுற்றி வந்தவள் மேலே உரசினால் துணி பாழாகிவிடும் என்ற ஒரு கவலைதான் ஊருக்கு இருந்தது.

அந்த மஞ்சளைப் பூசியவன் மாவுமில்காரர் மகன் அனிசேத்தோ. பாரிஸுக்குப் போய் ஓவியம் படித்துவிட்டு, தாடியும் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தான். அவன் வரைந்தால் கோவேறு கழுதை ஊதாவாக இருக்கும், கோதுமை வயலின் நிழல் நீலமாக இருக்கும். ஊரே சிரித்தது. கோதுமைத் தரகர் தொன் உபால்தோ மட்டும் தன் ஒரே மகளை வரையச் சொன்னார். கசில்டாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. புது மஞ்சள் கவுனில், பால்கனிக் கதவில் கை வைத்து, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். அனிசேத்தோ தைல வண்ணத்தைத் தூரிகையால் தீட்டவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது மாதிரி கத்தியால் அப்பினான். அவளுக்குப் பின்னால் கடைத்தெரு, தேவாலயக் கோபுரம், கடைசியில் ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டி. கழுத்தடியில் பச்சை நிழலைப் பார்த்த பாதிரியார், பிள்ளைக்குப் பித்தம் ஏறியிருக்கிறதா என்று விசாரித்தார். தினமும் பார்க்கப்போவது நான்தானே, உங்களுக்கு என்ன என்றார் உபால்தோ. ஆனால் அந்த வாரமே, கொண்டைக்கடலைக் குழம்பில் கரண்டியை வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அன்று மாலையே முற்றத்தில் செப்புக் கொப்பரை ஏறியது. சாவு விழுந்த வீட்டில் துணியெல்லாம் கறுப்புச் சாயத்தில் வேக வேண்டும். பாவாடை, சால்வை, கைக்குட்டை எல்லாம் போயின. மஞ்சள் கவுனும் போயிற்று. ஜன்னல்களை அடைத்தார்கள். கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அப்பாவுக்கு ஐந்து வருடத் துக்கம். விடிகாலைப் பூசைக்கு முக்காடு போட்டு அம்மா தோன்யா எடெல்மிராவோடு போய் வரலாம். அதற்கு மேல் தெரு கிடையாது. நான்காவது வருடம் அத்தை செத்தாள். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அது முடியும் தறுவாயில் ஹவானாவில் இருந்த மாமா செத்ததாகச் செய்தி வந்தது. பாதித் துக்கம் கழிந்தபோது அந்த மாமாவே உயிரோடு இருப்பதாகத் தந்தி அடித்தார். ஆனால் கொப்பரையில் வெந்த துணி வெந்ததுதான். ஆரம்பித்த துக்கத்தை ஆள் பிழைத்துவிட்டான் என்பதற்காகப் பாதியில் நிறுத்தும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. பிறகு மாமா நிஜமாகவே செத்தபோது அதற்கும் தனியாகக் காத்தார்கள்.

ஓவியத்தின் மேல் போர்த்திய துணியில் தினமும் மஞ்சள் படிந்தது. அந்த மஞ்சள் காயவே இல்லை. ஒரு ஆகஸ்டில், புனித ரோக் திருவிழா அன்று, துணிக்குப் பின்னால் படத்தில் வெறும் பால்கனிதான் இருந்தது, நின்றவளைக் காணோம். சதுக்கத்தில் மஞ்சள் கவுன்காரி மருந்துக்கடை லிபோரியோவோடு ஆடினாள். விடிகாலைப் பூசையில் கசில்டாவின் முக்காட்டைப் பல வருடங்களாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் கசில்டா சதுக்கத்து வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் லிபோரியோவின் சட்டை மார்பெல்லாம் மஞ்சள். ஊர் வாய் சும்மா இருக்குமா? துக்கத்தை உடைத்துவிட்டாள் என்று பேசியது. எடெல்மிரா துக்கக் கணக்கில் ஒரு வருடம் கூட்டினாள்.

"அம்மா, நான் உன் பக்கத்துலதானே ஒக்காந்து தைச்சுக்கிட்டிருந்தேன்?"

"நீ இங்க இருந்தது எனக்குத் தெரியும்டி. ஊருக்குத் தெரியாதே. என்ன பண்ணச் சொல்ற?"

அப்படியே போயிற்று. மஞ்சள்காரி சந்தைக்குப் போனால் ஒரு வருடம், பாலத்தில் நின்று சிரித்தால் ஒரு வருடம். எடெல்மிரா அனிசேத்தோவைக் கூப்பிட்டு, கவுன் மேல் கறுப்பு அடிக்கச் சொன்னாள். அவன் அடித்தான், கறுப்பு வழிந்து தரையில் சொட்டியது. அவன் தலை குனிந்து நின்றான். "ஒரு கால் வெளிய வெச்சவளைத்தாங்க வரைஞ்சேன். உள்ள இழுக்க எனக்குக் கை வரல" என்றான். லிபோரியோ காத்துக் காத்து, பக்கத்து ஊரில் பெண் எடுத்துவிட்டான். கசில்டாவின் தலை நரைக்க ஆரம்பித்தது. மஞ்சள்காரியை அவள் மனதார வெறுத்தாள். தெருவில் அந்தத் தைல வண்ணத்தின் ஆளிவிதை எண்ணெய் வாசம் போனாலே வயிறு எரிந்தது.

மதியத் தூக்கத்துக்கு ஊர் கதவடைக்கும் நேரத்தில் மஞ்சள்காரி படத்துக்குத் திரும்புவாள். வெயில் ஏறினால் வண்ணம் இளகும். ஒரு நாள், நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று கசில்டா துணியை விலக்கிக்கொண்டு காத்திருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் கேள்வி மறந்துபோயிற்று. பத்தொன்பது வயது முகம்தான். ஆனால் செருப்புத் தேய்ந்து, பாதத்தில் கேன்வாஸ் நூல் பிரிந்து தொங்கியது. அவள் படத்துக்குள் ஏறாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் ரயில் நிலையம் வரைக்கும் போகிறேன், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் கால் போகவில்லை, படத்தில் உலகம் அங்கேயே முடிந்துவிட்டது என்றாள். அதே தெரு, அதே கோபுரம். ஒரு நாளாவது நாற்காலியில் உட்கார வேண்டும் போலிருக்கிறது என்றாள். கசில்டாவுக்கு அழுகை வந்தது. எந்த வெளியை நினைத்து இத்தனை காலம் பொருமினாளோ, அதுவும் ஒரு அறைதான்.

தன் கறுப்புச் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். தையலை அவள் கையில் கொடுத்தாள். பெட்டி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு உடுத்திய ஒரு நடுவயதுப் பெண் வெயிலில் தெருவோடு போவதை இரண்டு பேர் பார்த்தார்கள். மஞ்சளாக இல்லாததால் கவனிக்கவில்லை. அவள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினாள்.

எடெல்மிராவுக்குக் கண்ணில் பூ விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. தூங்கி எழுந்து, தடவிக்கொண்டே வந்து, சாக்லேட் கோப்பையை மேசையில் வைத்தாள். மகளின் சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். விரல் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள். தூரத்தில் ரயில் கூவியது. 

"ஏறிட்டாளா?"

ஏறியிருப்பாள் என்றாள் மஞ்சள்காரி.

"சரி. நாற்காலியில சாயாம ஒக்காரு, கறை போகாது. சாக்லேட் ஆறிடப்போகுது, குடி." பிறகு தானும் உட்கார்ந்து, கடைத்தெருவில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். அவளும் தெருவைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

இருவரும் அந்த வீட்டில் பல வருடம் இருந்தார்கள். எடெல்மிரா இறந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கொப்பரை ஏற்றினார்கள். மகளின் கவுன் மேல் எவ்வளவு ஊற்றியும் சாயம் எண்ணெயில் ஒட்டாமல் வழிந்தோடியது. முடிந்த மட்டும் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்கள். காஸ்தீல் சமவெளியிலேயே, தான் மஞ்சள் உடுத்திக்கொண்டு அம்மாவை அடக்கம் செய்த மகள் அவள் ஒருத்திதான். கல்லறைத் தோட்டம் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் இருந்ததால் கடைசிவரை கூடவே நடக்க முடிந்தது. அவள் அழுதாள். பாதிரியார் தன் வெள்ளை அங்கியை அவள் மேல் படாமல் சற்று ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெபத்தைத் தொடர்ந்தார்.