முதுகைக் காட்டிய அடுக்குமாடி

1973ஆம் ஆண்டு மலேசியாவின் ஈப்போவில் திறக்கப்பட்ட புதிய பாசார்ச் சந்தைக் கட்டடம், அதை வரைந்த கட்டடக் கலைஞர் ஸ்கந்தராஜா எதிரே நடந்து போனால் ஒரு சாண் குனிந்து நிமிரும். மீன்காரர்கள் அந்நேரம் தராசைக் கையால் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர் வரைந்த கிளினிக்கும் நூலகமும் அப்படியே குனிந்தன. ஆனால் திறப்புவிழாக் கல்லில் மட்டும் அவர் பெயர் இருக்காது. திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், இலாகாத் தலைவர் பெயர் இருக்கும், சிமெண்ட் கொடுத்தவன் பெயர்கூட இருக்கும். அந்த வயிற்றெரிச்சலில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "கட்டடமே கும்பிடுது, பிறகென்னத்துக்குப் பேர்?" என்று கேட்டாள் மனைவி அம்பிகை. "நான் செத்தா கும்பிடு நிண்டுபோகும். கல்லு நிக்கும்" என்றார் அவர்.

1979இல் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிந்தன. போக்கிடமில்லாத சனங்களுக்கு நான்கு மாடிக் குடியிருப்பு வரையும் வேலை ஸ்கந்தராஜாவிடம் வந்தது. செலவைக் குறைத்தால் கல்லில் அவர் பெயர் என்றார் இலாகாத் தலைவர். ஸ்கந்தராஜா தோட்டத்துக்குப் போனார். காரை விட்டு இறங்காமலே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் லயத்து அறையின் அளவைக் கேட்டார். பத்துக்குப் பத்து அடி. அதையே வரைந்தார். கொஞ்சம் பெரிதாகக் கீறக்கூடாதா என்று அம்பிகை கேட்டதற்கு, "அவையளுக்குப் பழகின அளவுதானே. பெரிசாக் கட்டினா என்ன செய்யப் போகினம்?" என்றார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது!

திறப்புவிழா அன்று முதல் சாவியை வாங்கியவள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்த காளியம்மா. கதவைத் திறந்தாள், உள்ளே போகவில்லை. "வெள்ளக்காரத் தொரை எங்க பாட்டனுக்குப் போட்ட அளவு லா இது. நீங்க நம்மாளு. நீங்களுமா ஐயா?" என்றாள். ஸ்கந்தராஜா படியிறங்கினார். கீழே முன்சுவரில் பதித்த கல்லின் திரையை இழுத்தார்கள். தன் பெயரைப் படிக்க ஆசையாகக் கிட்டே போனார். கட்டடம் அத்தனை சனங்களோடும் சட்டி பானைகளோடும் மெல்லத் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டியது. அவர் சுற்றிக்கொண்டு ஓடினார். அதுவும் சுற்றியது. கைத்தட்டல் ஓய்ந்து விருந்தினர்கள் பீகூன் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பிறகு அவர் பென்ஷன் வாங்கினார், அம்பிகை போய்ச் சேர்ந்தாள். பாசார் அவரைக் கண்டால் இன்னமும் குனிந்துகொண்டுதான் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாயந்திரமானால் பஸ் ஏறி சுங்கை சிப்புட் போவார், கட்டடத்தைச் சுற்றுவார். குடையால் முகத்தை மறைத்துப் பார்த்தார். ஆள் வைத்துப் படம் எடுத்தார். அவர் கையில் வாங்கியதும் படத்திலும் முதுகுதான் தெரிந்தது. குடியிருந்தவர்களுக்கு முதலில் தலை சுற்றியது, பிறகு பழகிவிட்டது.

1988 மழைக்காலத்தில் ஒருநாள் முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். காளியம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். "நான் கீறினது பிழைதான், பிள்ளை" என்றார்.

"பிழைன்னு சொன்னா சுவரு நகருமா ஐயா? பேரனோட சேத்து ஆறு பேரு படுக்கிறோம்." கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு வெள்ளனவே வாங்க. நீங்க சுத்துனாத்தான் எங்க வீட்டுப் பக்கத்துக்கு வெயில் வருது. துணி காயல லா."

மறுநாள் வெயில் ஏறும் முன்பே ஸ்கந்தராஜா வந்துவிட்டார். கல் இருந்த பக்கத்தைத் தேடாமல், கொடியில் துணி காயும்வரை சுற்றினார்.