படுக்க வைத்த பிரஷ்கள்

எனக்கு வாய் நீளம். மணப்பெண்களுக்கு மேக்கப் போடும் தொழிலில் அது உதவும். அழுகிறவளையும் சிரிக்க வைத்துவிடுவேன். வீட்டில் அந்த வாயால்தான் வினை வந்தது.

ஞாயிறு காலையில் பிரஷ்களைக் குழந்தை ஷாம்பு போட்டு அலசுவேன். அழுக்கு போய் நுரை வெளுக்கும்வரை உள்ளங்கையில் தேய்த்து, பிழிந்து, முடி மேலே இருக்க டம்ளரில் நிறுத்திவிட்டு வெளியே போவேன். சில மாதங்களாகவே பிரஷ்களில் முடி உதிர்ந்தது. புலம்பிக்கொண்டே இருந்தேன்.

எங்களோடு இருக்கும் என் நாத்தனார் கல்லூரியில் கடைசி வருடம். வாயில்லாப் பூச்சி. கன்னம் நிறையப் பரு.

"அண்ணி, பிரஷ்ஷ நிக்க வச்சுக் காய வைக்கக் கூடாதாம்" என்றாள் ஒருநாள்.

"தொழில் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன். அதோடு மறந்தும் போனேன்.

அதன்பிறகு ஞாயிறு தோறும் நான் திரும்பி வரும்போது பிரஷ்கள் டம்ளரில் இருக்காது. மேஜை ஓரத்தில், ஒரு துண்டின் மேல் கிடக்கும். யாரோ எடுத்திருக்கிறார்கள். வீட்டில் வேறு யார்? முடிச்சுப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை.

மாதிரி மேக்கப் பார்க்க வந்த இரண்டு பெண்கள் எதிரிலேயே கேட்டேன்: "என் பிரஷ்ஷ எடுத்து திருட்டுத்தனமா பூசிக்கிறியா? உன் பருவுல தேய்ச்சத நான் எப்படி அடுத்தவங்க மூஞ்சில வைக்கிறது?"

"நான் பூசிக்கல அண்ணி." கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் என் அறைக்குள் வரவில்லை. வீட்டின் ஒரே பெரிய கண்ணாடி அங்கேதான் இருக்கிறது. கூடத்து ஜன்னலில் முகம் பார்த்துத் தலை வாரினாள். "ரோஷத்தப் பாருங்க உங்க தங்கச்சிக்கு" என்று கணவரிடம் சிரித்தேன்.

பிரஷ்கள் இப்போது வைத்தபடியே டம்ளரில் நின்றன. மூன்றாவது மாதம், பவுடர் பிரஷ்ஷின் தலை மொத்தமாகக் கழன்று ஒரு மணப்பெண்ணின் மடியில் விழுந்தது. "பிரஷ்ஷுக்கே வழுக்கையா!" என்றாள் அவள் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிரஷ் வாங்கும் கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். "நிக்க வச்சுக் காய வச்சீங்களா? தண்ணி உள்ள இறங்கி பசை விட்டுடும். துண்ட விரிச்சு, முடி மேஜைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி படுக்க வைங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அப்படியேதான் கிடந்தன ஒவ்வொரு ஞாயிறும். அந்தத் துண்டுகூட அவளுடையது. நான் கெடுத்ததை அவள் சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறாள். நான் அவள் முகத்தைக் கேவலப்படுத்தியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைக்காரருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்த இரண்டு பெண்களுக்கும் போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். ஞாயிறன்று பிரஷ்களை அலசி, துண்டு விரித்துப் படுக்க வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

"என்னை மன்னிச்சிடும்மா. பேசக்கூடாதத பேசிட்டேன்."

"பரவால்ல அண்ணி."

"சரியா வச்சிருக்கேனான்னு வந்து பாரேன்."

வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தாள். "கடைசி பிரஷ் இன்னும் கொஞ்சம் வெளிய வரணும்."

"நீயே நகத்தி வையேன்."

அவள் உள்ளே வரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே வைங்க அண்ணி."