கொடி இல்லாத வண்டி

"ஜனாதிபதிய யாருப்பா வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்க?"

தாமரை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது வீடியோ காலில் இப்படிக் கேட்டாள். நாட்டிலேயே பெரியவர் ஜனாதிபதி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவரைவிடப் பெரியவர் இல்லையென்றால், போதும் எழுந்திரு என்று அவரிடம் சொல்வது யார் என்பது பிள்ளையின் கவலை. ஷார்ஜாவில் முவைலாப் பக்கம் ரூமில் படுத்திருந்த சோலையப்பன், "ஒங்கம்மாகிட்டக் கேளு" என்று தப்பித்துக்கொண்டான். சிவகங்கையிலிருந்து ஜோதிமணியின் குரல் மட்டும் வந்தது: "அவரு பொண்டாட்டி சொல்லுவா!"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக்கூடிய ஒருவரை, நாலு வருஷம் கழித்து, ஆண்டவன் அவன் வண்டியிலேயே ஏற்றிவிட்டான்.

சோலையப்பன் ஒரு லிமோசின் கம்பெனியில் டிரைவர். ராஸ் அல் கைமாவில் கடலோரத்து ஓட்டல் ஒன்றில், சட்டப்படி நடக்கும் ஆட்சி பற்றி ஒரு மாநாடு. வருகிறவர்களில் அன்செல்ம் என்று ஒரு பெரியவர். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு நாட்டுக்கு இரண்டு தடவை ஜனாதிபதியாக இருந்தவர். விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்துப் போகிற டூட்டி சோலையப்பனுக்கு விழுந்தது.

வண்டியின் முன்பக்கக் கம்பியில் அந்த நாட்டுக் கொடியைத் தன் கையாலேயே மாட்டினார் சூப்பர்வைசர் சுரேஷ்குமார். "இந்தக் கொடியத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான்யா தெரியும். மேப்புல ஈ உக்காந்தா மறஞ்சு போற நாடு அது. பத்தரமாக் கொண்டு போ. ஒன்னோட ரினியூவல் பேப்பர் எம்மேசையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமலா? தப்பான எக்ஸிட்டில் இறங்கி ஒரு விருந்தாளி விமானத்தைத் தவறவிடக் காரணமானதற்காக ஏற்கனவே ஒரு வார்னிங் வாங்கியிருந்தான். இன்னொன்று விழுந்தால் விசா கேன்சல், கையில் ஊருக்கு டிக்கெட். முழுப்பரீட்சை லீவில் தாமரையும் ஜோதிமணியும் முதல் தடவையாக இங்கே வருவதாக ஏற்பாடு. பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அன்செல்ம் ஒற்றைப் பையோடு வந்தார். வெள்ளைத் தலை, சாதாரணச் சட்டை. வண்டியருகே வந்தவர் கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எதற்கு?" என்று நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்.

"மரியாதைக்கு, சார்."

"இதை வண்டியில் கட்டிக்கொள்ள எங்கள் சட்டம் ஒருத்தருக்குத்தான் இடம் கொடுக்கிறது. அவர் இப்போது எங்கள் ஊரில் தூங்கிக்கொண்டிருப்பார்."

"இங்க யாருக்கும் தெரியாது, சார்."

"இங்கிருந்து ஓட்டல்வரைக்கும் நான் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டுமே, தம்பி." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எடுத்தால் உனக்கு ஏதாவது தொந்தரவு வருமா? வரும் என்றால் நான் டாக்ஸியில் வந்துவிடுகிறேன். உன்மேல் தப்பில்லை என்று நானே சொல்கிறேன்" என்றார்.

பின் சீட்டில் உட்கார்ந்த எத்தனையோ பெரிய மனிதர்களை அவன் பார்த்திருக்கிறான். உனக்குத் தொந்தரவு வருமா என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுவிட்ட மனிதரிடம் ஆமாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "மாஃபி முஷ்கில், சார்" என்றான். ஒரு பிரச்சினையும் இல்லையாம்! அவன் கழற்றிக் கொடுக்க, அவர் கொடியை சுருக்கம் விழாமல் மடித்து முன் சீட்டில் வைத்தார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் சோலையப்பன் மெல்லக் கேட்டேவிட்டான். "சார், எம்மக ஒரு தடவ கேட்டா. ஜனாதிபதிய யாரு வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்கன்னு."

அன்செல்ம் வாய்விட்டுச் சிரித்தார். "என் மனைவி சொன்னாள். ஆனால் அவளுக்கு முன்னால் சட்டம் சொல்லிவிட்டது."

பிறகு வெளியே ஓடிய மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டாவது முறை முடியப்போகிற நேரம். சட்டத்தைத் திருத்தத் தேவையான ஓட்டு சபையில் அவருக்கு இருந்தது. வாசலில் ஜனங்கள் வந்து, நீங்களே இருங்கள் என்று அழுதார்கள். அதுதான் பயமாக இருந்ததாம். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், அழுதால் மனசு இளகும். "அன்று ராத்திரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு முறைக்குமேல் கூடாது என்றுதான் இருக்கிறது. நல்லவனாக இருந்தால் இருக்கலாம் என்று இல்லை. நான் நல்லவன் என்று நினைக்காதவன் யார், சொல்?"

"அப்புறம், சார்?"

"அப்புறம் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காரின் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் நின்றேன். யாராவது கதவைத் திறப்பார்கள் என்று! எதிர்வீட்டுப் பையன்கள் சிரித்த பிறகுதான் உறைத்தது."

சோலையப்பனும் சிரித்தான். ஆனால் கண் கலங்கிவிட்டது. கையில் வந்த பதவியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகிறவனிடத்தில் தெய்வம் கொஞ்சம் கூடுதலாகவே தங்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஓட்டல் முன் கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான். சட்டையில் பெயர் வீரபாண்டி. பேச்சு ராமநாதபுரம்.

"அண்ணே, கொடி இல்லாத வண்டி பின் கேட்டுக்குப் போகணும்."

"தம்பி, உள்ள யாரு இருக்காகன்னு தெரியுமா?"

"யாரா வேணாலும் இருக்கட்டும்ணே. காலையில சொல்லி விட்டது இதேன். கொடி இருந்தா முன்னாடி, இல்லாட்டிப் பின்னாடி."

"நம்மூருக்காரன்னு கூடப் பாக்க மாட்டியா?"

"நம்மூருக்காரருன்னுதேன் இம்புட்டு மரியாதையாச் சொல்றேன். மத்த ஆளுன்னா யல்லா யல்லான்னு வெரட்டியிருப்பேன்ல."

பின் கண்ணாடி இறங்கியது. என்ன சொல்கிறார் என்று அன்செல்ம் கேட்டார். சோலையப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். முன் சீட்டில் கிடந்த கொடியைக் காட்டி, மாட்டிவிடட்டுமா என்றும் கேட்டான். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு வீரபாண்டியைப் பார்த்தார். "இது எனக்கு உரிய கொடி இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லியிருக்கிறபடியே செய்யுங்கள்" என்றார். வீரபாண்டிக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். சல்யூட் அடித்து, பின் கேட்டுக்கு வழி காட்டினான்.

அங்கே மீன் லாரி நின்றது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, ஒரு நாட்டை ஆண்ட மனிதர் ஒற்றைப் பையோடு நடந்து போனார். சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாக விலகி நின்றார்கள். "நல்ல வாசனை" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

முன்வாசலில் பூச்செண்டோடு காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே இருந்தார்கள்.

மாநாட்டு வண்டிகளைக் கவனிக்க முன்னதாகவே ஓட்டலுக்கு வந்திருந்த சுரேஷ்குமார், கால் மணி நேரத்தில் பார்க்கிங்குக்கு ஓடி வந்தார். கூடவே ஓட்டல் மேனேஜர், செக்யூரிட்டி அதிகாரி.

"கொடிய யாருய்யா கழட்டுனா?"

"அவருதான் எடுக்கச் சொன்னாரு, சார்."

"கதை விடாத. கொடி கட்டலன்னு சண்ட போட்டவனப் பாத்திருக்கேன். கொடி வேணாம்னு சொன்ன பெரிய மனுசன எந்த ஊர்லய்யா பாத்திருக்க? நான் மாட்டுனத அவுத்துப்புட்டுத் திரும்ப மாட்டத் தெரியாம, வழியும் தெரியாம மீன் லாரிக்குப் பின்னாடி கொண்டு போய் நிறுத்தியிருக்க. கலாஸ், ஒன் வேலை முடிஞ்சுது. ஆபீஸ்ல வந்து கேன்சல் பேப்பர வாங்கிக்க."

"அவருகிட்டயே கேளுங்க, சார்."

"விருந்தாளிகிட்டப் போயி விசாரிக்கச் சொல்றியா? வாய மூடு."

லீவுக்கு வரப்போகிற பிள்ளைக்கு என்ன சொல்வது என்பது மட்டும்தான் சோலையப்பன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டிலிருந்து வீரபாண்டி நடந்து வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பழி முழுக்க டிரைவர் தலையோடு போயிருக்கும்.

"சார், இவரு முன் கேட்டுக்குத்தேன் வந்தாரு. நாந்தேன் பின்னாடி அனுப்புனேன். கொடி எனக்கு உரியது இல்ல, நாந்தேன் எடுக்கச் சொன்னேன்னு அந்தப் பெரியவரு அவரு வாயாலயே எங்கிட்டச் சொன்னாரு."

மேனேஜரின் கோபம் அப்படியே பக்கம் மாறியது. சொன்னபடி செய்தவனைச் சட்டென்று குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் முன் கேட்டில் புத்தியுள்ள ஆள் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். அன்றிலிருந்து வீரபாண்டிக்கு லாரிகள் வரும் பின் கேட்டுதான் டூட்டி. அங்கே ஏசி கிடையாது. தகரக் கூரையும் ஒரு ஸ்டூலும் உண்டு.

மாநாடு முடிந்து விமான நிலையத்தில் இறங்கும்போது அன்செல்ம் கேட்டார், "நிஜமாகவே தொந்தரவு ஒன்றும் வரவில்லையே?" சோலையப்பன் மறுபடியும் மாஃபி முஷ்கில்தான் சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, எல்லோரும் நிற்கிற வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார். அவர் உள்ளே போகும்வரை அவன் வண்டியை எடுக்கவில்லை.

ரினியூவல் பேப்பரில் சுரேஷ்குமார் கையெழுத்துப் போட்டார். "ஒங்கதைய நம்புறேன்யா. ஆனா ஊர்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றார்.

சோலையப்பன் வீரபாண்டிக்குப் போன் செய்தான்.

"தம்பி, ஒன்னாலதாம்ப்பா..."

"அட விடுங்கண்ணே. நடந்ததச் சொன்னேன். அதுக்கெல்லாமா நன்றி சொல்லுவாக?"

"ஒரு நாளு ரூமுக்கு வா. கறி எடுத்துச் சமைப்போம்."

"லஞ்சங் குடுக்குறிகளா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

வாங்கிக்கொள்ளாதவனுக்கு எப்படிக் கொடுப்பது? கொஞ்ச நாள் சோலையப்பனுக்கு இதே யோசனைதான். வைகாசி வெயில் தகரத்தைக் காய்ச்சி எடுத்தது.

அதன்பிறகு ராஸ் அல் கைமாவுக்கு டூட்டி விழும்போதெல்லாம் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பாட்டில் மோரும் ஐஸ் கட்டியும் வாங்கிக்கொண்டான். ஆளை இறக்கிவிட்டுப் பின் கேட்டைச் சுற்றிப் போவான். லாரியைச் சோதிக்க வீரபாண்டி தூரத்துத் தடுப்புக் கம்பிவரை நடந்து போகிற சமயம் பார்த்து, ஐஸ் பையை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு வந்துவிடுவான்.

"இங்க கிச்சன்காரவுக தங்கமான ஆளுகண்ணே" என்று ஒருநாள் போனில் வீரபாண்டி சொன்னான். "யாருன்னே தெரியல, மோரு வச்சுட்டுப் போறாக."

"அப்படியா? நல்லாருக்கட்டும்" என்றான் சோலையப்பன்.

மறுவாரம் போனபோது ஸ்டூல் வெயிலில் கிடந்தது. சுற்றிலும் ஆளில்லை. அவன் அதை நிழலுக்கு இழுத்துப் போட்டான். கைக்குட்டையால் மணலைத் தட்டிவிட்டுப் பையை வைத்தான். சூடு ஏறாமல் இருக்க மேலே நனைத்த சாக்கு ஒன்றை மூடினான். தூரத்தில் வீரபாண்டி லாரியின் மறுபக்கம் முதுகு காட்டிக் குனிந்திருந்தான். சோலையப்பன் கார்க் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு கிளம்பிப் போனான்.