அரைமணி பிந்திய படம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. அயர்லாந்தின் ஸ்லைகோ கடற்கரை ஓட்டல் ஒன்றில், நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்த கதை இது. உங்களைச் சிரிக்கவைப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒளிக்காமல் சொல்வேன், அவ்வளவுதான்.

பந்தயப் பலகையில் கிரானியாவின் பெயருக்கு எதிரே இருந்த எட்டை அழித்துவிட்டு அட்ராக்டா இருபது என்று எழுதினாள். கிரானியா ஜெயித்தால் ஒரு யூரோவுக்கு இருபது யூரோ என்று கணக்கு. ஜெயிக்கும் வாய்ப்பு குறையக் குறைய இந்த விலை ஏறும். மூடிய இரட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் போக்கர் போட்டியின் கடைசி மேசையில் ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே போனுக்கும் அனுமதியில்லை, சொந்தக்காரர்களுக்கும் அனுமதியில்லை. இந்தப் பக்கம் மதுக்கூடத்தில் பெரிய திரை. ஒவ்வொருவர் கையில் இருக்கும் சீட்டும் திரையில் தெரியும் என்பதால், வெளியிலிருந்து யாரும் சாடை காட்டிவிடக் கூடாதென்று படத்தை அரைமணி பிந்தித்தான் விடுவார்கள். ஆனால் பலகையில் ஏறும் விலை அந்தந்த நிமிஷத்து விலை. உள்ளே நிற்கும் அவள் கூட்டாளி ஃபின்டன், காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள் யாரிடம் எத்தனை இருக்கிறதென்று காதுக் கருவி வழியே அட்ராக்டாவுக்குச் சொல்லச் சொல்ல, அவள் மனக்கணக்காகப் போட்டு எழுதுவாள். குதிரை மைதானத்திலும் இங்கேயுமாக முப்பது வருஷ வேலை. பொய்யாக ஒரு எண்கூட எழுதியதில்லை என்பது அவளுடைய ஒரே கர்வம்.

பலகைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘படம் சற்றுத் தாமதமாக வரும்.’ அரைமணி என்றே எழுதிவிடலாம் என்று அவள் முதலாளி லவெலிடம் காலையில் சொல்லிப் பார்த்தாள். “அரைமணின்னு போட்டா எவன் பையில கை விடுவான்? ‘சற்று’ன்னா பொய்யா? பொய் இல்லையே” என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

மலக்கி அந்த இருபதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். எழுபது வயது, மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு. கிரானியாவின் அப்பா. திரையில் அவர் மகள் இரண்டு கைகளாலும் வில்லைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இருபதா? கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியாம்மா? அங்க பாரு, அள்ளிக்கிட்டு இருக்கா!”

“மலக்கி, இந்தத் தாளைப் படிச்சீங்களா?”

“படிச்சேன், படிச்சேன். எங்க வீட்டு டிவியிலயும்தான், பக்கத்து வீட்டுக்காரன் கத்தி முடிச்சப்புறம்தான் கோல் விழும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் குனிந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும். பொம்பளன்னு எவனும் அவமேல காசு கட்டல. அதான் விலை ஏறுது, என்ன?”

குதிரைப் பந்தயத்தில் ஊறியவர் அவர். மைதானத்தில் யாரும் சீந்தாத குதிரைக்குத்தான் விலை ஏறும். பணம் விழுந்தால் இறங்கிவிடும். இங்கே விலையை ஏற்றுவதும் இறக்குவதும் மேசைமேல் இருக்கும் வில்லைகள் என்று அவருக்கு யார் சொல்வது?

“சீட்டாடுறவ என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன். நாலு வருஷமாச்சு. இன்னிக்கு என்ன பேசறதுன்னு கார்ல வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன், ஒண்ணும் வரல. அவ இந்தக் கதவு வழியா வர்றப்ப பலகையில அவ பேருக்குச் சின்ன நம்பரா இருக்கட்டும். எவனோ ஒருத்தன் நம்மள நம்பியிருக்கான்னு பாப்பா இல்ல? நான்தான்னு தெரியவே வேணாம்.”

அந்த நேரம் பார்த்துக் காதில் ஃபின்டன்: “கிரானியா கிட்டத்தட்ட காலி. ஒரு கைப்பிடிதான் மிச்சம். முப்பத்து மூணு போட்டுடு.”

அட்ராக்டா முப்பத்து மூன்று என்று எழுதினாள். மலக்கி ஓர் உறையை எடுத்து வைத்தார். பாலிமோட் மாட்டுச் சந்தையில் மூன்று கிடாரிகளை விற்ற காசு, மூவாயிரத்து எண்ணூறு யூரோ.

“அத்தனையும் அவமேல.”

உள்ளே நடப்பதைத் திரை காட்டும்வரை ஒரு வார்த்தை வெளியே விடமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். வாங்க மாட்டேன் என்று சொன்னால் அதுவே சேதி சொன்ன மாதிரிதான்.

“ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, மலக்கி. அரைமணி கழிச்சுக் கட்டுங்க. சரியா அரைமணி.”

“எதுக்கு, அதுக்குள்ள நீ விலையை இறக்கவா? உங்க ஆளுங்க வித்தைய நாப்பது வருஷமாப் பாக்கறேன்.”

அவள் பந்தயச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். முப்பத்து மூன்று நியாயமான விலைதான். எந்தக் கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார். தப்பு என்று விரல் நீட்ட ஒரு இடமும் இல்லை. ஆனாலும் எதிரில் நிற்கிற மனிதர், போன அரைமணிக்குள் நின்றுகொண்டு இந்த நிமிஷத்தை விலைக்கு வாங்குகிறார்.

மலக்கி சீட்டைப் பையில் வைக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு கட்டியும் இறங்கலியே” என்றார், தனக்குத்தானே.

அட்ராக்டா துணியை எடுத்தாள். முப்பத்து மூன்றை அழித்தாள். ஐந்து என்று எழுதினாள். முப்பது வருஷத்தில் முதல் பொய். இந்த மட்டமான விலைக்கு எவனும் பணம் கட்டப் போவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, பெண் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள். மலக்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையசைத்தார்.

ஆனால் அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் குதிரைப் பந்தயக்காரர்கள். ஒரே அழிப்பில் முப்பத்து மூன்று ஐந்தாகிறதென்றால், விஷயம் தெரிந்த எவனோ பெரிய பணம் இறக்கியிருக்கிறான்.

“உள்ளேயிருந்து சேதி வந்திருக்குடா, விடாத!”

“ஏய், வரிசையில வா, உங்கப்பன் வீட்டுக் கல்யாணமா?”

தட்டு எடுக்கும் பெர்னி ஏப்ரன் பையிலிருந்து டிப்ஸ் சில்லறையைக் கொட்டினாள். “நாப்பது இருக்கு அக்கா. எல்லாம் கிரானியாவுக்கே.”

“பெர்னி, வேண்டாம்.”

“ஏன், என் காசு என்ன செல்லாக் காசா?”

மூலையிலிருந்து லவெல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அட்ராக்டா பெர்னிக்கு எழுதினாள். அடுத்த ஆளுக்கும் எழுதினாள். திரையில் கிரானியா இன்னொரு ஆட்டத்தையும் ஜெயித்தாள். கூடமே ஓவென்று கத்தியது.

“முடிஞ்சது” என்றான் ஃபின்டன் காதுக்குள். “கிரானியா தோத்துட்டா, ஆட்டத்தை விட்டு வெளியே வர்றா. பந்தயத்தை நிறுத்து.”

அவள் பேனாவை மூடினாள். இரட்டைக் கதவில் ஒன்று திறந்தது. கிரானியா மேல்கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி நின்றாள். முதலில் பலகையைப் பார்த்தாள், பிறகு தன் பெயர் சொல்லிப் பணம் நீட்டிக்கொண்டு நின்ற வரிசையை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் மேலே, திரையில், அவளே சிரித்துக்கொண்டு வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, இவளுக்கு முதுகு காட்டியபடி, தொப்பியை ஆட்டி ஆட்டி அப்பா கத்திக்கொண்டிருந்தார்:

“விடாதடி, என் கண்ணு! விடாத!”

தோற்றுத் திரும்பி வருகிறவர் பக்கம் முகம் வைத்து உட்கார, உங்கள் வீட்டில் என்றைக்கும் ஒருவர் இருக்கட்டும், செல்லங்களே. உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.