வயிற்றெரிச்சல் மாத்திரை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடலுக்குக் காய்ச்சல் பார்த்த ஓர் அக்கா தம்பி கதை சொல்கிறேன்.

ஆழ்கடல் சேற்றில் பல்லாயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த, மணலைவிடச் சிறிய கிளிஞ்சல்கள் கிடக்கும். அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடோ, அவ்வளவு மெக்னீசியம் அவற்றின் ஓட்டில் ஏறியிருக்கும். ஓர் ஆய்வுக் கப்பல் ஒரே ஒரு குழாய் நிறைய, காலவாரியாக அடுக்கடுக்காய்ப் படிந்த சேறு கொண்டுவந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் அக்கா கிளிஞ்சல்களைக் கழுவி, தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுப்பாள். தம்பி அமிலத்தில் கரைத்து மெக்னீசியத்தை அளப்பான். இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. பழங்கடல் ஒரு கட்டத்தில் திடீரென்று சூடேறியதாக அவன் எழுதியதை எல்லோரும் தூக்கிவைத்துப் பேசினார்கள்.

ஒரு மதியம் அக்கா எதையோ சப்பிக்கொண்டே, தூரிகை முனையை நாக்கில் நனைத்துக் கூராக்கினாள்.

"என்னக்கா வாயில?"

"வயித்தெரிச்சல் மாத்திரைடா. உன்கூட வேலை பார்த்தா வேறென்ன வரும்?"

தம்பி சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டையைத் திருப்பினான். மெக்னீசியம் என்று போட்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா சப்புற?"

"நாலு வருஷமா. ஏன்டா?"

சூடேறியதாகத் தெரிந்த அடுக்குகள் எல்லாம் அந்த நாலு வருடத்தில், மாத்திரை எச்சில் ஒட்டிய தூரிகையால் பொறுக்கியவை.

"கொதிச்சது கடல் இல்லக்கா, உன் வயிறு."

"வேற கிளிஞ்சல் பொறுக்கித் தரேன்டா."

"எங்க இருக்கு? மொத்தத்தையும் கரைச்சாச்சே."

அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தம்பி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கட்டத்தில் கடல் எப்படி இருந்ததென்று இனி அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

உங்கள் வீட்டில் நேரும் பிழையெல்லாம் திருத்தக்கூடிய பிழையாகவே இருக்கட்டும், தங்கங்களா.