சோப்புத் தண்ணீர் சொன்ன சாட்சி

அந்தப் பழைய காரில் ஏறினாலே புகை நெடியில் அவளுக்குத் தலை வெடிக்கும். "எல்லாம் உன் கற்பனை" என்பார் மேதாவிப் புருஷன். வண்டி போடும் படபட சத்தம் பின்னாலிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொல்லி, சைலன்சரை இரண்டு தடவை மாற்றியும் ஆயிற்று. அவர் பக்கத்து ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். அவள் பக்கத்து ஜன்னல் இறங்கவே இறங்காது.

பொறுத்தது போதுமென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கமாகத் திருப்பி வைத்து, புகைக்குழாய்க்குள் காற்றை ஊதவிட்டாள். சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் நுழைந்து குழாய் நெடுகத் தெளித்தாள். அவள் சீட்டுக்கு நேர் கீழே, குழாய்கள் சேருமிடத்தில் ஓட்டை வழியே காற்று கசிந்து நுரை குபுகுபுவென்று பொங்கியது.

"அங்கதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் எட்டிப் பார்த்த புருஷன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைப் பிடுங்கினாள்.

"மெக்கானிக் கடை வரைக்கும் நான் ஓட்டுறேன். நீங்க என் சீட்டுல உக்காருங்க. கற்பனைதானே?"