பழைய சத்தம்

சைலன்சர் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மீசை அரும்பின விடலைகள். தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய வாழ்க்கை லட்சியம். அந்தக் கூட்டத்தில் நரைத்த தலையோடு ஒரு பிக்கப் டிரைவர் வந்து நின்று, சத்தம் நல்ல கனமாக வர வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? பட்டறையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார்.

"இந்த வயசுல யாரண்ணே மயக்கப் போறீங்க?"

"என் பொண்டாட்டியத்தான்."

சிரிப்பு இன்னும் கூடியது. டிரைவர் மேற்கொண்டு விளக்கவில்லை. சொன்னால் அவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள், பரிதாபப்பட்டிருப்பார்கள். பரிதாபத்தை அவர் போதும் போதும் என்கிற அளவுக்கு வாங்கியாகிவிட்டது.

அவருடைய மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். பேச்சு போய்விட்டது, கைகால் போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறாள். பெரிய டாக்டர், சின்ன டாக்டர் எல்லோரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. சாயங்காலம் இவருடைய பிக்கப் தெருமுனையில் திரும்பி, வீட்டை நோக்கி இறங்கும் சரிவில் உறுமிக்கொண்டு வரும். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும்போது அவள் முகம் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். "உன் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், டக்குனு திரும்பிடுறாடா" என்பாள் அக்கா. புருஷனை இழந்தபின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்ட அவள்தான் மனைவியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம். திரும்பியிருக்கும் அந்த முகத்தை நம்பித்தான் மனுஷன் மறுநாள் காலையில் எழுந்து, வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் சுமக்கப் போனார்.

அந்தப் பழைய சைலன்சர்தான் துருப்பிடித்து நடுரோட்டில் கழன்று விழுந்துவிட்டது. ஒட்டவைக்கலாமா என்று கேட்டார். மேஸ்திரி விரலால் சுண்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது.

கம்பெனி சைலன்சர் யானை விலை சொன்னது, சத்தமோ மூச்சுவிடுகிற மாதிரிதான். விடலைகள் போடும் வெறும் குழாய் மலிவு, ஆனால் காதைக் கிழிக்கும். படுத்திருப்பவள் திடுக்கிட்டே செத்துப்போவாள். நடுவில் ஒன்று இருந்தது. குழாயை வளைத்து ஒரு டப்பாவைப் பற்றவைத்துத் தருவது. கைக்கு அடக்கமான விலை. அதற்கே சம்மதித்தார்.

பழைய சத்தம் எப்படி இருந்தது என்று மேஸ்திரி கேட்டார். டிரைவர் வெட்கத்தை விட்டு வாயாலேயே உறுமிக் காட்டினார். அதனால் பலன் கொஞ்சம்தான். காலமெல்லாம் சைலன்சர் பக்கத்திலேயே நின்று மேஸ்திரியின் காது பாதி போய்விட்டது. பட்டறையில் எல்லோரும் அவரை 'டமாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து, புகை அடிக்கிற வேகத்தில்தான் சத்தத்தைக் கணக்குப் போடுவார். கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கனம் வந்துருச்சு" என்றார். டிரைவரும் கேட்டார். அசல் பழைய வண்டி மாதிரியே இருந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டகைக்குள் தகர டப்பாவை உருட்டினாலும் இடி மாதிரித்தான் கேட்கும். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள், இங்கே காதையும் சேர்த்து மறைத்துவிட்டது. ரோட்டுக்கு வந்ததும் சத்தம் இளைத்துப்போய், சளி பிடித்தவன் இருமுவது போல ஆகிவிட்டது. பரவாயில்லை, அவளுக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

பின்கட்டிலிருந்து அக்கா ஓடிவந்தாள். "நீயாடா? வேற யார் வண்டியோன்னு நினைச்சேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் லோடு இருந்தும் போகவில்லை, விடிந்ததும் பட்டறை வாசலில் போய் நின்றார். டமாரம் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் நீளமான டப்பாவாகப் பார்த்து மாற்றினார். இந்தத் தடவை டிரைவர் ஏமாறவில்லை. வண்டியை வெட்டவெளி ரோட்டுக்குக் கொண்டுபோய், பட்டறை ஆளை ஓட்டவிட்டு, தான் ஓரமாக நின்று கண்ணை மூடிக் கேட்டார். போதாது என்றார். திரும்பிப் போய் வளைவை மாற்றினார்கள். மறுபடி கேட்டார். பொழுது சாயும்போது கிட்டத்தட்ட அந்தப் பழைய சத்தமே வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டு, இதோ வருகிறேன், இன்றைக்குச் சத்தம் சரியாக இருக்கிறது, அவள் திரும்புகிறாளா என்று கவனி என்று சொன்னார்.

சரிவில் இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

அவள் முகம் வாசலைப் பார்த்திருந்தது.

கட்டில் ஓரம் அப்படியே உட்கார்ந்து குழந்தை போல அழுதார். "என்னைத் தெரியுதில்ல உனக்கு?" என்று அவள் கன்னத்தைத் தடவினார். கையில் ஏதோ ஒட்டியது. மாவு. அவள் கன்னத்தில் நாலு விரலும், தாடைக்குக் கீழே கட்டைவிரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தார். கதவோரம் நின்ற அக்காவின் கை இரண்டும் மணிக்கட்டுவரை மாவாக இருந்தது. பிசைந்துகொண்டிருந்ததைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கிறாள்.

"எப்போலேர்ந்துக்கா?"

அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"முதல்ல அவளாத்தான் திரும்பினா, சத்தியமாடா. அப்புறம் நின்னுபோச்சு. ஒரு நாள் நீ வந்து பார்த்தே, தூங்குறான்னு சொன்னேன், ஞாபகமிருக்கா? அன்னைக்கு உன் மூஞ்சியை என்னால பார்க்க முடியல. அதுக்கப்புறம் உன் வண்டிச் சத்தம் கேட்டா நானே ஓடிவந்து திருப்பி வச்சிடுவேன். நேத்து எனக்கு அது நீதான்னு தெரியலடா."

அவர் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே. வருகிற சத்தத்துக்கெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு, கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அந்தக் கிழவியிடம் என்னவென்று கோபிப்பது? தோளில் கிடந்த துண்டால் மனைவியின் கன்னத்தை மெதுவாகத் துடைத்தார். அவள் முகம் அவர் துடைத்த பக்கமாகவே சாய்ந்தது.

மறுநாள் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிக்னலில் ஒரு விடலை இவர் வண்டியைப் பார்த்துவிட்டு, சைலன்சர் எங்கே போட்டது, சத்தம் அசத்துகிறதே என்று கேட்டான். டிரைவர் பட்டறைக்கு வழி சொன்னார்.

தெருமுனை வந்ததும் எஞ்சினை அணைத்தார். வண்டி சரிவில் தானாக உருண்டு, சத்தமே இல்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்கட்டில் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், ஓடிவரவில்லை. உள்ளே மனைவியின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு ஸ்டூலைச் செருகி, அவள் பார்க்கிற பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

அவள் அவரையும் சுவரைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.